ஒரு 'டிக்'கில் இருக்கிறது சிக்கனம்

விமான நிலையத்தில் கை கழுவப் போகிறீர்கள். குழாய்க்குக் கீழே கையை நீட்டினால் மெல்லிசாக ஒரு 'டிக்', தண்ணீர் கொட்டுகிறது. கையை எடுத்தால் இன்னொரு 'டிக்', நின்றுவிடுகிறது. இத்தகைய சென்சார் குழாய்கள் பலவற்றுக்கு மின் இணைப்பே கிடையாது. வாஷ்பேசினுக்கு அடியில் உள்ள சின்னப் பெட்டியில், சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏஏ செல்கள் நான்கு, அவ்வளவுதான். அவையே மாதக்கணக்கில் உழைக்கின்றன.

தண்ணீரைத் திறந்து மூடுவது சொலினாய்டு வால்வு. செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி நடுவிலுள்ள இரும்புத் தண்டை இழுக்கும், வால்வு திறக்கும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் தண்டைத் தள்ளி மூடிவிடும். வாஷிங் மெஷினில் இருப்பது இந்தச் சாதாரண வகை. திறந்திருக்கும் நேரம் முழுக்க மின்சாரம் குடிக்கும். நல்ல அல்கலைன் ஏஏ செல்லின் கொள்ளளவு சுமார் 2000 மில்லி ஆம்பியர் மணி. வால்வு அரை ஆம்பியர் இழுத்தால் 4 மணி நேரத்தில் கதை முடிந்தது.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. சதுரமான 9 வோல்ட் பேட்டரியில் ஒரு வால்வையும் அதன் கட்டுப்பாட்டுச் சிப்பையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். 'டக்... டக்... டக்...' என்று துடித்ததே தவிர, திறந்து நிற்கவில்லை. பேட்டரிக்குள்ளேயே கொஞ்சம் மின்தடை இருக்கிறது. வால்வு இழுத்த கணத்தில் மின்னழுத்தம் சரிந்தது. சிப் மயங்கி வால்வைக் கைவிட்டது. சுமை இறங்கியதும் பேட்டரி நிமிர்ந்தது. சிப் விழித்து மறுபடி இழுத்தது.

குழாய் செய்பவர்கள் இதை இரண்டு வழிகளில் சமாளிக்கிறார்கள். வால்வுக்குள் ஒரு நிலைக்காந்தம் வைத்துவிடுகிறார்கள். சுருள் ஒரு கணம் இழுத்துக் கொடுத்தால் போதும், தண்டைப் பிடித்து வைத்திருப்பது காந்தத்தின் வேலை. மூடுவதற்கு எதிர்த்திசையில் ஒரு துடிப்பு. இன்னொன்று, உண்டியல் மாதிரி ஒரு மின்தேக்கி. பேட்டரி அதில் கொஞ்சம் கொஞ்சமாக மின்னூட்டம் சேர்க்கும். வால்வு ஒரே மூச்சில் எடுத்துச் செலவழிக்கும்.

ஒரு துடிப்பு 1 ஆம்பியர், 30 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். அதே செல்கள் கணக்குப்படி 2,40,000 துடிப்புகள் தரும். அதாவது 1,20,000 முறை திறந்து மூடலாம். சென்சாரின் செலவும் செல்லின் இயல்பான தேய்மானமும் இதில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பது வேறு விஷயம்.

நீங்களே செய்து பார்க்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. சுருளில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று வெட்டினால் பல மடங்கு மின்னழுத்தம் எகிறி டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். சாதாரண வால்வு என்றால், சுருளுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டையோடு போட்டால் ஆபத்தில்லை.

வீட்டுச் சென்சார் குழாயில் சிவப்பு விளக்கு சிமிட்டினால் தள்ளிப்போடாதீர்கள். பழைய செல்லையும் புதியதையும் கலக்காமல் நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள்.