உள்ளே இறங்க ஓர் அநுமதிச் சீட்டு

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்த நேயர்கள், திருவொற்றியூரைத் தாண்டும் சமயத்தில் மேற்கே திரும்பிப் பார்த்திருப்பார்கள். மணலித் திசையில் உயரமான இரும்புக் கோபுரங்களும், ஒரு குழாயின் உச்சியில் அல்லும் பகலும் எரியும் தீயும் தெரியும். அந்தத் தீயைக் கண்டு அஞ்சுகிறவர்கள் உண்டு. உண்மையில் அது அஞ்சுவதற்குரியதன்று. மிஞ்சுகின்ற வாயுவை ஆகாயத்தில் பத்திரமாக எரித்துவிடுவதற்கென்றே அதை ஏற்படுத்தியிருக்கிறார்கள். ஆலை ஓடுகிற நாட்களைவிட, அதை நிறுத்திப் பழுது பார்க்கும் நாட்களிலேதான் அதிகக் கவலை வேண்டும். அந்த நாட்களைப் பற்றியும், அப்பொழுது கைமாறும் ஒரு காகிதத்தைப் பற்றியும் சிறிது சொல்லலாமென்று எண்ணுகிறோம்.

மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1965-ஆம் வருஷம் ‘மதராஸ் ரிஃபைனரீஸ்’ என்ற பெயரில் ஏற்பட்டது. இந்திய சர்க்கார், ஓர் அமெரிக்கக் கம்பெனி, ஈரான் தேசத்து எண்ணெய்க் கம்பெனி ஆகிய மூவரும் அதில் கூட்டு. 1969-ல் வருஷத்துக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைக் காய்ச்சும் சக்தியுடன் ஓடத் தொடங்கியது. இன்று 105 லட்சம் டன் வரையில் வளர்ந்திருக்கிறது. ஆலை தோன்றியபோது மணலி செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. 1997-ல் திருவள்ளூர் ஜில்லாவில் சேர்ந்தது. 2011-ல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது; 2018-ல் சென்னை ஜில்லாவுக்கே போய்விட்டது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதற்குப் பொறுப்பான கச்சேரிகள் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. இதைப் பின்னால் நினைவில் கொள்ள வேண்டியிருக்கும்.

ஆலையை எந்நாளும் ஓட்டிக்கொண்டேயிருக்க முடியாது. சில வருஷங்களுக்கு ஒரு முறை ஒரு பகுதியை நிறுத்தி, தொட்டிகளைத் திறந்து, உட்புறம் படிந்த கசடை வழித்து, அரித்துப்போன தகடுகளை வெட்டி ஒட்ட வேண்டும். தொழிலாளர் பாஷையில் இதற்கு ‘ஷட்டவுன்’ என்று பெயர். வழக்கமாக ஆலையில் வேலை செய்பவர்களோடு, காண்டிராக்டர்கள் அழைத்து வரும் ஆட்கள் பெருந்திரளாக உள்ளே வருவார்கள். வெல்டிங் செய்கிறவர், சாரம் கட்டுகிறவர், குழாய் பொருத்துகிறவர், கசடு வாருகிறவர் எனப் பலர். வடநாட்டு மாநிலங்களிலிருந்து வந்து சில வாரங்கள் தங்கி வேறு ஊருக்குப் போகிறவர்கள் அவர்களில் அநேகர். ஆலை நின்றுகிடக்கும் ஒவ்வொரு நாளும் கம்பெனிக்கு நஷ்டமாதலால், வேலை இரவு பகல் பாராமல் நடக்கும். அவசரம் என்ற ஒன்று எல்லோருடைய தோளின்மீதும் உட்கார்ந்திருக்கும்.

காலியான தொட்டி என்று நாம் சொல்லுகிறோம். அது காலியல்ல. பாழுங்கிணற்றில் இறங்குமுன் நம் ஊர்ப் பெரியவர்கள் கயிற்றில் ஒரு விளக்கைக் கட்டி உள்ளே விடுவார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக்கூடாது என்பது வழக்கம். பிராணவாயு இல்லை என்பதை அந்த விளக்கு சொல்லிவிடும். இந்த நல்ல வழக்கத்தையே எண்ணெய்த் தொட்டியில் கையாண்டால் விளக்கை விட்டவர் திரும்பமாட்டார். பெட்ரோல் ஆவி காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளப் போதும். அது காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியிலும் பக்கத்துச் சாக்கடையிலும் தண்ணீரைப்போல் தேங்கி நிற்கும். கச்சா எண்ணெயிலுள்ள கந்தகத்தினால் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவோ இன்னும் வஞ்சகமானது. முதலில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டியதும் மூக்கு மரத்துப்போகும். ‘நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை’ என்று எண்ணும் அந்த நிமிஷந்தான் மிகவும் அபாயமானது. இவை போதாவென்று, இரும்புச் சுவரில் படிந்த கந்தகப் பொடி ஒன்று உண்டு. காற்றுப் பட்டதும் தானாகவே கனலும். ஆகவேதான் தொட்டியைத் திறந்தவுடன் அதை நனைத்துக்கொண்டேயிருக்கிறார்கள். வகுப்பில் ‘எரிவதற்கு மூன்று வேண்டும்’ என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நமக்கு, அந்த மூன்றும் ஓர் இருட்டறையில் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருப்பது விசித்திரமாகத்தான் தோன்றுகிறது.

சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-ல், நமது பார்லிமெண்டாகவும் இயங்கிய அரசியல் நிர்ணய சபை தொழிற்சாலைச் சட்டத்தை இயற்றியது. அதன் 36-ஆவது பிரிவு இந்த இருட்டறையைப் பற்றியது. விஷவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ குழாய்க்குள்ளோ ஒருவரை இறக்க வேண்டுமானால், வாயுவைப் போக்குவதற்குச் செய்யக்கூடியதையெல்லாம் முதலில் செய்துவிட வேண்டும். பிறகு, தகுதி வாய்ந்த ஒருவர் தாமே சோதனை செய்து பார்த்து எழுத்து மூலம் சான்று தர வேண்டும். அல்லது இறங்குகிறவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்புப் பட்டையில் கயிறு கட்டிக்கொண்டிருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ‘தாமே சோதனை செய்து’ என்ற சொற்களைக் கவனியுங்கள். யாரோ சொன்னதைக் கேட்டு எழுதுவதற்குச் சட்டம் இடம் வைக்கவில்லை. அடுத்த பிரிவு, எரியும் பொருள் இருந்த பாத்திரத்தில் அதன் ஆவியை நீக்காமல் வெல்டிங்கோ வெட்டும் வேலையோ கூடாது என்றது. இந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2020-ல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025-ஆம் வருஷம் நவம்பர் 21-ஆந் தேதி முதல் அமுலுக்கு வந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் இப்பொழுது ‘ஆய்வாளரும் வசதியளிப்பவரும்’ ஆகிவிட்டார். பெயர் நீண்டதுபோல் அவர் ஆலைக்குள் தங்கும் நேரமும் நீளுமானால் நமக்கு ஆட்சேபமில்லை.

சட்டத்தின் இந்தக் கருத்தே ஆலையில் ‘பெர்மிட்’ என்னும் அநுமதிச் சீட்டாக உருவெடுக்கிறது. போபால் விபத்துக்குப் பின் 1986-ல் மத்திய சர்க்கார் எண்ணெய்த் தொழிலுக்கென ஒரு பாதுகாப்பு நிறுவனத்தை ஏற்படுத்தினார்கள். அதன் 105-ஆவது தர விதி முழுவதும் இந்தச் சீட்டைப் பற்றியதே. என்ன வேலை, எந்த இடம், எத்தனை மணி வரையில், எந்தக் குழாயில் தடைத் தகடு செருகியாயிற்று, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டாயிற்றா, வாயுச் சோதனையில் கண்ட அளவு என்ன, தீயைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் யார் என்பதெல்லாம் அதில் வரும். ஆலையை ஓட்டுகிறவர் கொடுப்பார்; வேலை செய்விப்பவர் வாங்குவார். முறை மாறினால் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும்.

ஒரு காகிதம் இவ்வளவு செய்யுமா என்று கேட்பவர்களுக்கு வடகடலில் நடந்ததைச் சொல்லுகிறோம். ஸ்காத்லாந்துக்கு அப்பால் கடலில் ‘பைப்பர் ஆல்ஃபா’ என்ற எண்ணெய் மேடை இருந்தது. 1988-ஆம் வருஷம் ஜூலை 6-ஆந் தேதி பகலில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, அந்த இடத்தை ஒரு தகட்டால் மூடிவைத்தார்கள். வேலை முடியவில்லை. அந்தப் பம்புக்கு இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்று பம்பைப் பழுதுபார்ப்பதற்கு. அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை. மற்றொன்று வால்வுக்கு. இரவு முறை ஆட்கள் வந்தபோது, வால்வு இல்லையென்ற செய்தி வாய்மொழியாகவும் அவர்களுக்கு எட்டவில்லை. இரவு பத்து மணிக்குச் சற்று முன் அடுத்த பம்பு நின்றது. அவர்கள் முதற் சீட்டை மட்டும் கண்டார்கள். பம்பு முழுசாகவே இருக்கிறதென்று ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் மாண்டனர். சீட்டு எழுதப்பட்டிருந்தது, கையெழுத்தும் இருந்தது. வேண்டிய நேரத்தில் வேண்டியவர் கண்ணில் படவில்லை. அவ்வளவே.

போபாலிலும் 1984-ல் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது எப்படி என்பதற்குக் கூறப்படும் விளக்கங்களில் ஒன்று, குழாய் கழுவும் வேலையின்போது தடைத் தகடு செருகவில்லை என்பது. கம்பெனி இதை மறுத்து, யாரோ வேண்டுமென்றே செய்த நாசவேலை என்றது. வங்காளத்தில் ஹால்தியா எண்ணெய் ஆலையில் 2021 டிசம்பர் 21-ஆந் தேதி ஷட்டவுன் வேலையின்போது திடீரென்று தீ எழும்பி மூன்று பேர் இறந்தனர். 44 பேர் தீப்புண் பட்டனர்.

நமக்கு அருகிலும் நிகழ்ந்தது. 2023 டிசம்பர் 27-ஆந் தேதி தண்டையார்பேட்டையிலுள்ள எண்ணெய்க் கிடங்கில் எத்தனால் தொட்டி ஒன்றில் பழுதுபார்க்கும்போது வெடிப்பு உண்டாயிற்று. வெல்டிங் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார், இன்னொருவர் காயமுற்றார். அதற்கு முந்திய இரவுதான் எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே கடலுக்கடியில் செல்லும் அம்மோனியாக் குழாய் கசிந்து, மீனவக் குடும்பங்கள் நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடிவந்தன. ஒன்று ஆலை மதிலுக்குள் நடந்தது, மற்றொன்று மதிலைத் தாண்டி வந்தது. யார்மீதும் குற்றம் சாட்டுவது இங்கே நம் நோக்கமன்று. ஒரே கடற்கரையில், ஒரே நாளின் எல்லைக்குள் இரண்டு சம்பவங்கள் என்பதை மட்டும் சொல்லி அப்பால் செல்லுகிறோம்.

இந்தச் சீட்டு உண்மையாக எழுதப்படுகிறதா என்று பார்ப்பது யார்? மாநில சர்க்காரின் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் உண்டு. பெட்ரோலியக் கிடங்குகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் மத்திய இலாகா நாகபுரியில் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் ஆலை கட்டவும் யந்திரம் நிறுவவும் அநுமதி கொடுக்கும் அதிகாரம் பெற்றவை, வரியும் வாங்குகின்றன. ஆனால் தொட்டியின் வாயில் நிற்கும் ஆளைப் பற்றி ஊராட்சித் தலைவர் கேட்க முடியாது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது முழுவதும் சரியன்று. 1996-ல் மத்திய சர்க்கார் செய்த இரசாயன விபத்து விதிகளின்படி, ஜில்லாவுக்குக் கலெக்டர் தலைமையில் ஒரு குழுவும், தொழிற்பேட்டை உள்ள வட்டாரத்துக்கு ஓர் உள்ளூர்க் குழுவும் இருக்க வேண்டும். உள்ளூர்க் குழுவில் தொழிற்சாலை இன்ஸ்பெக்டரோடு கிராமத் தலைவருக்கும் டாக்டருக்கும் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியருக்கும் இடமுண்டு. மாதந்தோறும் கூட வேண்டுமென்பது விதி.

வாயு அளக்கும் கருவியைத் தலைவர் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. அது அவர் வேலையன்று. இந்த ஆலை எந்தத் தேதியில் நிற்கப்போகிறது, வெளியாட்கள் எத்தனை பேர் வருகிறார்கள், சீட்டில் கையெழுத்திடுகிறவர் ஒருவரே ஒரு முறையில் எத்தனை சீட்டு எழுதுகிறார் என்று அவர் கேட்கலாம். ஒரு மணி நேரத்தில் முப்பது சீட்டு எழுதியவர் முப்பது தொட்டிகளைத் தாமே பார்த்திருக்க முடியாது என்பதை அறியக் கணக்குப் பாடம் போதும். இன்ஸ்பெக்டரும் ஆலை ஓடும் அமைதியான நாளில் வந்து பதிவுப் புத்தகங்களைப் புரட்டுவதைவிட, ஷட்டவுன் நடக்கும் இரவொன்றில் தொட்டியின் வாயருகே நின்று அங்கே உள்ள சீட்டை வாங்கிப் படித்தால் எவ்வளவோ தெரியும். கயிற்றின் மறுமுனையில் ஆள் இருக்கிறாரா, டீக்குப் போய்விட்டாரா என்பது எந்தப் புத்தகத்திலும் வராது.

பாஷை விஷயம் ஒன்று. ஆலையில் ஒட்டும் அறிவிப்புகள் பெரும்பாலான தொழிலாளருக்குத் தெரிந்த பாஷையிலும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் வருஷச் சட்டத்திலேயே இருந்தது. அநுமதிச் சீட்டு சுவரில் ஒட்டும் அறிவிப்பன்று; ஆகையால் அது பெரும்பாலும் இங்கிலீஷிலேயே இருந்துவருகிறது. யாருடைய உயிருக்காக எழுதப்படுகிறதோ அவரே அதைப் படிக்க முடியாமற்போவது நியாயமா? தமிழிலும் ஹிந்தியிலும் ஒரியாவிலும் அச்சிடக் கம்பெனிகளுக்குச் செலவு அதிகமாகாது. படிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் வாசித்துக் காட்டலாம்.

பெரிய ஆலையிலாவது சீட்டு என்ற பேச்சு இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பேட்டையிலும் அதைச் சுற்றிலும் இரும்பை உருக்கும் உலைகள், வார்ப்புப் பட்டறைகள் முதலியன நெருங்கியிருக்கின்றன. பழைய டயர்களைச் சூளையிலிட்டு எண்ணெய் இறக்கும் சிறு ஆலைகளும் திருவள்ளூர் ஜில்லாவில் உண்டு. சுத்திகரிப்பு ஆலையின் குழந்தை வடிவம் என்றே இவற்றைச் சொல்லலாம்; அபாயமோ குழந்தை அளவினதன்று. சூளை ஆறுமுன் கதவைத் திறந்தால் உள்ளே நிற்கும் வாயுவும் கரிப்பொடியும் காற்றைக் கண்டு பற்றும். பத்துப் பேர் வேலை செய்யும் அத்தகைய இடத்தில் சீட்டு எழுத என்ஜினீயர் இருக்கமாட்டார். சொந்தக்காரரே மேஸ்திரி, மேஸ்திரியே சோதகர். மாதக் குழுவில் உட்காரும் ஊராட்சித் தலைவர் நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருப்பவை இவைதாம்.

போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, உடனடியான அபாயம் இருப்பதாகக் கருதும் தொழிலாளி அதை மேலதிகாரிக்கும் இன்ஸ்பெக்டருக்கும் தெரிவிக்கலாம் என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். மேலதிகாரி உடனே பரிகாரம் செய்ய வேண்டும். பதினைந்து நாள் கூலிக்கு வந்து, பதினாறாம் நாள் வேறு ஜில்லாவுக்குப் போக வேண்டிய ஒருவர் அந்த உரிமையைக் கேட்க வேண்டுமானால், இன்ஸ்பெக்டரின் டெலிபோன் எண் அவர் இறங்கும் துவாரத்தின் பக்கத்திலேயே, அவருடைய பாஷையில் எழுதியிருக்க வேண்டும்.