எலும்பு கொடுக்கும் கடன்

கல்சியம் என்றதும் எமக்குப் பற்களும் எலும்புகளுமே நினைவுக்கு வருகின்றன. உயிரியல் பாடத்தில் இதனைக் கற்றபோது என்னை வியக்க வைத்தது இரத்தத்திலுள்ள கல்சியமே. இதயம் துடிக்கவும், தசை சுருங்கவும், நரம்பு செய்தி கடத்தவும், காயத்தில் இரத்தம் உறையவும் அது வேண்டும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கல்சியம் உண்டு. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கின்றது. இரத்தத்தில் இருப்பதோ ஒரு டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரைதான். இது மிகவும் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

இந்த அளவைக் காப்பவை, கழுத்தில் தைரொயிட்டுச் சுரப்பியின் பின்புறம் ஒட்டியுள்ள, அரிசிமணி அளவான நான்கு பரதைரொயிட்டுச் சுரப்பிகள். இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் 1849இல் இறந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை ஆராய்ந்த ரிச்சர்ட் ஓவன் இத்தகைய சுரப்பியைக் கண்டு எழுதினார். மனிதரிலும் இவை உண்டென 1880இல் விளக்கியவர் சுவீடனின் இவார் சான்ட்ஸ்ட்ரோம். நாயொன்றில் இதனை முதலில் கண்டபோது அவரும் எம்மைப் போல் ஒரு மாணவர், மருத்துவம் கற்றுக்கொண்டிருந்தார். கல்சியத்தை 'உணரும்' புரதம் இச்சுரப்பிக் கலங்களின் மேற்பரப்பில் இருப்பது 1993இல் தெளிவாயிற்று.

இரத்தத்தில் கல்சியம் சற்றுக் குறைந்தாலும் இச்சுரப்பிகள் ஓமோனைச் சுரக்கும். உடனே எலும்பு தன் சேமிப்பிலிருந்து கொடுக்கும். சிறுநீரகம் கல்சியத்தை வீணாக வெளியேற விடாது. அத்துடன் விற்றமின் டீயைச் செயற்படும் வடிவுக்கு மாற்றும். அதன் உதவியால் குடல் உணவிலிருந்து கூடுதலாக உறிஞ்சும். அளவு நிரம்பியதும் சுரப்பு குறையும்.

சுரப்பி அளவுமீறிச் சுரந்தால் எலும்பு மெலியும்; சிறுநீரகக் கல், தாகம், சோர்வு தோன்றலாம். சுரப்புக் குறைந்தால் உதடும் விரல்நுனியும் விறைக்கும், கைகால் இழுக்கும். சிறுநீரகம் நாட்பட்டுப் பழுதானால் விற்றமின் டீயின் வேலையும் தடைப்படும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உணவில் கல்சியம் போதாவிட்டாலும் எலும்பு கடன் கொடுத்து இரத்தத்தின் அளவைக் காத்துவிடும். ஆகவே இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் எலும்பும் நலமே என எண்ணிவிட முடியாது. எலும்பின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்கின்றது. 9 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 1300 மில்லிகிராம் வரை தேவை எனப்படுகின்றது.

எங்கள் கற்பிட்டியில் முள்ளோடு உண்ணக்கூடிய நெத்தலிக் கருவாட்டுக்குக் குறைவில்லை. முருங்கையிலைச் சுண்டல், பால், தயிர், எள்ளுருண்டை ஆகியனவும் உதவும். வெயிலுக்கும் பஞ்சமில்லை, ஆனால் பாடசாலை, பிரத்தியேக வகுப்பு, வீடு என நாம் நிழலிலேயே நாளைக் கழிக்கின்றோம். மறைவான வீட்டு முற்றத்தில் சிறிது நேரம் கையிலும் முகத்திலும் வெயில் பட நிற்கலாம். மாத்திரைகளை வைத்தியரின் ஆலோசனையின்றி எடுக்க வேண்டாம், மிகையும் தீங்கே.

தோழியரே, முதுமையில் எம்மைத் தாங்கும் எலும்பை இந்த வயதிலேயே சேமிப்போம்.