உங்கள் மருத்துவக் கோப்பைத் திறந்து பார்த்தவர் யார்?

சிறுநீரகப் பிரிவுக்கு முதன்முறையாக வரும் ஒருவரது இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு 2.6 எனத் தெரியவந்தால், நாங்கள் உடனே கேட்பது பழைய பரிசோதனை முடிவைத்தான். ஆறு மாதங்களுக்கு முன்னரும் ஏறத்தாழ அதே அளவு இருந்திருப்பின் அது நாட்பட்ட பாதிப்பு. அப்போது 1.0 ஆக இருந்திருப்பின் அண்மையில் நேர்ந்த பாதிப்பு. தக்க சிகிச்சையால் பல வேளைகளில் மீட்கக்கூடியது. சிகிச்சையின் போக்கையே மாற்றவல்ல அந்த ஒரு தாள், பெரும்பாலும் வேறோர் ஊரில் வேறொரு மருத்துவமனையின் கணினியில் கிடக்கும்.

எல்லா மருத்துவமனைகளும் கோப்புகளைப் பகிர்ந்துகொண்டால் என்ன என்று தோன்றலாம். ஆயினும் அதே கோப்பில் மனநல சிகிச்சையும் எச்.ஐ.வி. பரிசோதனையும் பதிவாகியிருக்கக்கூடும். உரிமையற்றவர் அதைப் பார்த்துவிடுவாரோ, எவரேனும் திருத்திவிடுவாரோ என்னும் இரண்டு அச்சங்களும் நியாயமானவையே. இவற்றுக்கு விடையாகப் ‘பிளாக்செயின்’ என்னும் தொழில்நுட்பம் அண்மைக் காலமாகப் பேசப்படுகிறது.

பழைய கடைக் கணக்கேட்டை நினைவுகூருங்கள். ஒவ்வொரு பக்கமும் முன்பக்கத்திலிருந்து கொண்டுவந்த தொகையுடன் தொடங்கும். நடுவில் ஓர் எண்ணைத் திருத்தினால் அடுத்தடுத்த பக்கங்கள் யாவும் பொருந்தாமற் போகும். அந்த ஏட்டின் படிகள் பங்காளிகள் பலரிடமும் இருந்தால் திருட்டுத்தனமாகத் திருத்துவது மிகக் கடினம். பிளாக்செயினின் அடிப்படை இதுவே. தொகைக்குப் பதிலாக ஒவ்வொரு பதிவிலிருந்தும் கணிக்கப்படும் ஒரு குறியீடு அங்கே கொண்டுசெல்லப்படுகிறது. பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் அது 64 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. மூலப் பதிவில் ஒரு புள்ளி மாறினாலும் குறியீடு முற்றிலும் வேறாகிவிடும். குறியீட்டைக் கொண்டு மூலப் பதிவை மீட்டெடுக்கவும் இயலாது.

எனவே உங்கள் ஸ்கேன் படமும் மருந்துச் சீட்டும் சங்கிலியில் ஏற்றப்படுவதாக எண்ண வேண்டாம். அழிக்க இயலாத ஓர் ஏட்டில் அந்தரங்கத்தை எழுதிவைப்பது அறிவுடைமை ஆகாது. நன்கு வடிவமைக்கப்பட்ட ஏற்பாடுகளில் கோப்பு மருத்துவமனையிலேயே இருக்கும். குறியீடு மட்டுமே வெளியே செல்லும்.

ஏறத்தாழ 13 இலட்சம் மக்கள் வாழும் எஸ்டோனியா இதற்கு நல்ல சான்று. அங்கே நாடு தழுவிய மின்னணு மருத்துவக் கோப்பு முறை 2008 முதல் இயங்குகிறது. அதன் பதிவுகளைப் பிளாக்செயின் வகைத் தொழில்நுட்பத்தால் காக்கும் ஏற்பாடு 2016-இல் அறிவிக்கப்பட்டது. அத்தொழில்நுட்பத்தின் சரிபார்ப்புக் குறியீடுகள் அவ்வப்போது ‘ஃபைனான்ஷியல் டைம்ஸ்’ நாளிதழில் அச்சிடப்படுவதுண்டு. கணினியை ஏமாற்றினாலும், நூலகங்களில் உள்ள செய்தித்தாள்களை எவராலும் திருத்த முடியாதல்லவா! எனினும் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. அந்நாட்டு நோயாளி தமது அடையாள அட்டையைக் கொண்டு உள்நுழைந்து, தமது கோப்பை யார், எப்போது பார்த்தார் என்பதைத் தாமே காணலாம். விரும்பாத பகுதியை மருத்துவர்களுக்கும் மூடிவைக்கலாம். தன் பெயர் அழியாமல் பதிவாகும் என்று அறிந்த ஊழியர், வேண்டாத கோப்பைத் திறக்கத் தயங்குவார்.

ஆனால் இரத்த வகையைத் தவறாகப் பதிந்துவிட்டால் பிளாக்செயின் அந்தத் தவற்றையும் அப்படியே காத்து நிற்கும். உரியவரின் கடவுச்சொல்லைத் திருடி நுழைபவரையும் அது தடுக்காது.

நம் நாட்டில் 2021-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் பிளாக்செயினைச் சார்ந்ததன்று. எனினும் கோப்பு அதை உருவாக்கிய மருத்துவமனையிலேயே தங்குவதும், நோயாளியின் இசைவு பெற்றே பகிரப்படுவதும் இங்கும் உண்டு. 14 இலக்க ‘ஆபா’ எண்ணைப் பெறுவது உங்கள் விருப்பம். பெற்றவருக்கு இசைவு கோரும் அறிவிப்பு கைப்பேசியில் வரும்போது யார் கேட்கிறார், எதற்காக, எந்தக் காலத்துப் பதிவுகள், எதுவரை பார்க்கலாம் என்னும் நான்கையும் படித்த பின்னரே ஒப்புதல் அளியுங்கள். அளித்த இசைவைப் பின்னர் திரும்பப் பெறவும் வழியுண்டு. அவசர வேளையில் உடன் வந்தவர், கேட்பவர் யாரென்று பாராமல் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. முதியோரை அழைத்து வரும் மக்களும் மருமக்களும் இதை வீட்டிலேயே ஒருமுறை பேசிவைத்துக்கொள்வது நலம்.