கையெழுத்துப் போட்டாச்சு, கல்யாணம் முறிந்ததா?

கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவனுக்கும் மனைவிக்கும் ஒத்துவரவில்லை. கோயில் தலைவர் முன்னால் பேசி, ‘10,000 ரிங்கிட் வாங்கிக்கொண்டேன், இனி எதுவும் கேட்கமாட்டேன்’ என்று மனைவி எழுதித் தருகிறார். முத்திரைத் தீர்வையும் கட்டியாயிற்று. ‘அத்துவிட்டாச்சு’ என்கிறது தோட்டம்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்தது. அதன் 8ஆவது பிரிவின்படி திருமணத்தை முடிப்பது மரணம், இல்லையேல் நீதிமன்றம். ஊரே சாட்சிக் கையெழுத்துப் போட்டாலும் அவர்கள் கணவன் மனைவிதான். காகிதத்தை நம்பி இன்னொரு தாலி கட்டினால் அது செல்லாது. 7 ஆண்டுவரை சிறையும் உண்டு.

அப்படியானால் காகிதம் குப்பையா? இல்லை. தனித்தனியே வாழ்வதையும் மாதச் செலவுப் பணத்தையும் இருவரும் பேசி எழுதிக்கொள்ளலாம். சிக்கல் அந்தப் 10,000 ரிங்கிட்டில்தான். மொத்தத் தொகை கொடுத்துப் பிற்கால ஜீவனாம்சத்தைத் தீர்த்துக்கொள்ளும் ஒப்பந்தம், நீதிமன்றம் ஒப்புதல் தரும்வரை பலிக்காது என்கிறது 80ஆவது பிரிவு. மாதாமாதம் என்று எழுதிய தொகையையும், நிலைமை மாறினால் நீதிமன்றம் மாற்றலாம். ‘மாற்றக்கூடாது’ என்று எழுதிவைத்தாலும்கூட. பிள்ளை யாரிடம் என்பதிலும் பிள்ளையின் நலன்தான் பேசும், பெற்றவர் கையெழுத்து அல்ல. ‘லயத்து வீடு மனைவிக்கு’ என்று எழுதுவது இன்னும் வேடிக்கை. வீடு கம்பெனியுடையது, வேலையோடு வந்தது.

ஒரு கண்ணி உண்டு. சம்மதித்துப் பிரிந்தோம் என்று எழுதிவிட்டு, பின்னால் ‘கைவிட்டுப் போய்விட்டார்’ என்று வழக்காடுவது கடினம். ஆனால் மணவிலக்குக் கேட்கும்போது, 2 ஆண்டு பிரிந்திருந்ததற்கு அதே தாள் தேதியோடு சாட்சி சொல்லும்.

கல்யாணமாகி 2 ஆண்டு கடந்திருந்தால் இருவரும் சேர்ந்தே கூட்டு மனுப் போடலாம். பேசிவைத்ததை அதில் சேர்க்கலாம்; சம்மதம் மனமுவந்ததுதானா, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போதிய வழி செய்திருக்கிறதா என்று நீதிபதி பார்ப்பார். ஏற்றால், கோயிலில் பேசியது ஆணையாகிவிடும். மனுப் போடவேண்டியது உயர் நீதிமன்றத்தில். கேமரன் மலை இருக்கும் பகாங்கில் அது தெமர்லோவிலும் குவாந்தானிலும் இருக்கிறது. மலையிறங்கிப் போனால் அன்றைய கூலி போச்சு. பலர் கோயிலோடு நிறுத்திக்கொள்ள இதுவும் காரணமாக இருக்கலாம்.

‘எங்கள் கல்யாணம் பதியவே இல்லையே’ எனும் பெரியவர்களும் தப்ப முடியாது. 1982க்கு முன் வழக்கப்படி நடந்த திருமணத்தைப் பதிந்ததாகவே சட்டம் கொள்கிறது. அத்துவிட அவர்களுக்கும் நீதிமன்றம்தான்.