வளரும் பிள்ளைக்கு அளவான சப்பாத்து

‘செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிக்கிறதா?’ என்று எங்கள் முதியவர்கள் கேட்பார்கள். அப்படிக் கேட்டுக்கொண்டே, பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கப் போனால் ஓர் அளவு பெரிதாகத்தான் வாங்குவோம். “வளருற பிள்ளை, அடுத்த வருசமும் போடட்டும்” என்பது எங்கள் வீடுகளில் கேட்டுப் பழகிய கதை. முதல் வருடம் முழுவதும் சப்பாத்தின் முன்பக்கத்தில் துணி அடைந்து, பிள்ளை காலை இழுத்து இழுத்து நடக்கும். கால் வளர்ந்து சப்பாத்துக்குச் சரிவரும் நேரத்தில் சப்பாத்து கிழிந்திருக்கும்.

இந்தப் பழக்கம் கடல் தாண்டியும் போயிருக்கிறது. 2024 ஆவணியில் கனடாவில் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவின் மகளுக்கு, அதாவது என் பெறாமகளுக்கு, 11 வயது. அவள் பனித்தரை ஹொக்கி விளையாடுகிறாள். அந்த விளையாட்டுக்குரிய சறுக்குச் சப்பாத்து வாங்குவது பற்றித்தான் அந்த மாதம் அந்த வீட்டில் பெரிய கதையாக இருந்தது.

துணுக்காயில் இருக்கும் எங்களுக்கு ஐஸ் என்றால் ஐஸ்பழமும், மீன்பெட்டிக்குள் போடும் கட்டியுந்தான். பனித்தரைச் சப்பாத்து எங்களுக்கு எதற்கு என்று வாசகிகள் கேட்கலாம். எங்கள் சகோதரங்களின் பிள்ளைகள் அந்த நாடுகளில்தான் வளர்கிறார்கள். தொலைபேசியில் வாரம் ஒருமுறையாவது பேசுகிறோம். ஊரிலிருந்து நாங்கள் சொல்லும் ஒரு சொல்லுக்கு அங்கே இன்னும் மதிப்பு இருக்கிறது. அதோடு, அந்தச் சப்பாத்துக் கடையில் நான் கேட்டறிந்தவற்றில் பல எங்கள் பிள்ளைகளின் காலுக்கும் பொருந்தும்.

விளையாட்டும் சப்பாத்தும்

பனித்தரை ஹொக்கியில் ஒரு பக்கத்துக்குக் காப்பாளரோடு 6 பேர் தரையில் நிற்பார்கள். பந்துக்குப் பதிலாகத் தட்டையான றப்பர் வட்டு ஒன்றைத் தடியால் அடித்துக் கொண்டுபோவார்கள். வட அமெரிக்காவில் பனித்தரை 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உடையது. அதில் ஓடுவதில்லை, சறுக்குகிறார்கள். விளையாடும் பிள்ளையின் முழுப் பாரமும் சப்பாத்தின் அடியிலுள்ள, ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குக் கத்தியில் நிற்கிறது. வேகமாகப் போகவும், சட்டென்று நிற்கவும், வளைந்து திரும்பவும் அந்தக் கத்திதான் உதவவேண்டும். கால் சப்பாத்துக்குள் அசைந்தால் கத்தி காலின் சொல்லைக் கேட்காது.

சறுக்குச் சப்பாத்தில் இரண்டு வகையை எல்லோரும் குழப்பிக்கொள்வதுண்டு. நடனச் சறுக்குக்கான சப்பாத்தில் கத்தியின் முன்நுனியில் பற்கள் இருக்கும். பெண்பிள்ளைகளுக்கென்று அதிகம் விற்கும் வெள்ளைச் சப்பாத்து அதுதான். ஹொக்கிச் சப்பாத்தின் கத்தியில் பற்கள் இல்லை. முன்னும் பின்னும் வளைந்திருக்கும். ஹொக்கி விளையாடும் பெண்பிள்ளைக்கு ‘பெண்களின் சப்பாத்து’ என்று வெள்ளைச் சப்பாத்தைப் பரிசாகக் கொடுத்தால் அது பயன்படாது.

வீட்டில் நடந்த கதை

பெறாமகள் அதுவரை போட்டது அவளுடைய தமையனின் பழைய சப்பாத்து. அது அவளுக்கு ஓர் அளவுக்கு மேல் பெரிது. இரண்டு சோடி தடித்த காலுறை போட்டு, நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு விளையாடினாள். அவளுடைய இரண்டு குதிகளிலும் பழைய கொப்புளங்களின் தழும்பு இருந்தது. கணுக்கால் உள்ளே சரிகிறதென்று பயிற்சியாளர் சொன்னாராம். “பெட்டைக்குக் கால் பெலமில்லை, இந்த விளையாட்டு ஒத்துவராது” என்று வீட்டில் முடிவெடுக்கும் நிலை வந்திருந்தது.

அத்தான் கெட்டவர் இல்லை. இரவுவேலை செய்து குடும்பத்தைக் கொண்டுபோகிறவர். “பொடியன் இரண்டு வருசம் போட்டது நல்லாத்தான் கிடக்கு, பெட்டைக்கு என்னத்துக்குப் புதிசு?” என்று கேட்டார். மகனுக்கு அதே சப்பாத்தைப் புதிதாக வாங்கியபோது அந்தக் கேள்வி எழவில்லை என்பதை அக்கா மெதுவாகச் சொன்னா. பிறகு என்னைப் பார்த்து, “இந்த மாசம் உன்ரை விறாந்தைக்கு அனுப்பிறதெண்டு வைச்ச காசும் இருக்கு” என்றா.

அந்த வார்த்தை எனக்குச் சுட்டது. புதிய சப்பாத்து 200 டொலர் வரையில் வரும். எங்கள் காசில் 40,000 ரூபாவுக்கு மேல். அரைகுறையாக நிற்கும் என் வீட்டு விறாந்தைக்குச் சீமெந்து வாங்க அக்கா ஒதுக்கியதும் ஏறத்தாழ அதே தொகை. ஒரு பிள்ளையின் காலுக்கும் என் வீட்டு விறாந்தைக்கும் இடையில் அக்கா நிற்பதை அப்போதுதான் கண்டேன். “விறாந்தை இன்னும் ஒரு மாரி பொறுக்கும் அக்கா. பிள்ளையின்ரை கால் பொறுக்காது” என்றேன். அடுத்த சனிக்கிழமை நான்கு பேருமாகக் கடைக்குப் போனோம்.

கடையில் கற்றவை

முதலில் பாதத்தை அளந்தார்கள். நீளம் மட்டுமல்ல, அகலமும் பார்த்தார்கள். பெறாமகளின் சாதாரணச் சப்பாத்து அளவு 5. ஹொக்கிச் சப்பாத்து அதைவிட ஒன்று அல்லது ஒன்றரை அளவு குறைவாகத்தான் வரும் என்றார்கள். அவளுக்கு 3½ சரியாக வந்தது. இது தெரியாமல், பழைய சப்பாத்தின் இலக்கத்தைச் சொல்லி வாங்கினாலே அளவு பெரிதாகிவிடும்.

விளையாடும்போது போடும் மெல்லிய காலுறையோடுதான் போட்டுப் பார்க்கவேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனி முன்பக்கத்தை இலேசாகத் தொடவேண்டும். முழங்காலை மடக்கிக் குனிந்தால் குதி பின்னால் போய், விரல் சற்றே விலகவேண்டும். விரல் மடங்கினால் சப்பாத்து சிறிது.

வளரும் பிள்ளைக்கு எவ்வளவு இடம் விடலாம்? நாடா கட்டாமல் காலை முன்னுக்குத் தள்ளிவிட்டு, குதிக்குப் பின்னால் பெரியவர்களின் ஒரு விரலை விட்டுப் பார்க்கவேண்டும். சுண்டுவிரல் இறுக்கமாகப் போனால் போதும். இரண்டு விரல் போனால் அது அடுத்த வருடத்துச் சப்பாத்து. இந்த வருடம் அதைப் போட்டு விளையாட முடியாது.

பிறகு நாடாவைக் கட்டி, குதி மேலே எழும்புகிறதா என்று பார்த்தார்கள். இதுதான் முக்கியம் என்று நான் விளங்கிக்கொண்டேன். குதி அசைந்தால் தோல் உரியும், கணுக்கால் சரியும். பிள்ளையின் கால் பலவீனம் என்று பழி சொல்லப்படும் இடங்களில் பலவேளை சப்பாத்துத்தான் பெரிதாக இருக்கிறது. பெண்களின் பாதம் பொதுவாக விரல் பக்கத்தோடு பார்க்கையில் குதியில் ஒடுங்கியது. ஆகையால் பெண்பிள்ளைக்கு வாங்கும்போது குதியை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும்.

பாதத்தின் உயரத்தையும் பார்க்கிறார்கள். நாடா கட்டாத சப்பாத்தில், மேலிருந்து மூன்றாவது துளைச் சோடிக்குக் குறுக்கே ஒரு பென்சிலை வைக்கிறார்கள். பென்சில் காலில் முட்டி நின்றால் அந்தச் சப்பாத்தின் ஆழம் அந்தப் பாதத்துக்குப் போதாது. பெறாமகளின் பாதம் அம்மம்மாவின் பாதம் மாதிரி விரல் பக்கம் அகலமானது. ஆகையால் அகல வகையில்தான் அவளுக்குப் பொருந்தியது. பௌவர், சீ.சீ.எம் ஆகிய இரண்டு நிறுவனங்களின் சப்பாத்துகளே அங்கே கூடுதலாக இருந்தன. இரண்டிலும் ஒடுங்கியது, நடுத்தரம், அகலம் என்று வகைகள் உண்டு. சீ.சீ.எம் 1899இல் சைக்கிள் செய்யத் தொடங்கப்பட்ட நிறுவனம் என்பது எனக்குப் புதினமாக இருந்தது. நிறுவனத்தின் பெயரை முதலில் பார்க்காமல் பாதத்தின் வடிவத்தைப் பார்த்தே தெரிவு செய்யவேண்டும்.

தெரிவு செய்த சப்பாத்தைச் சிறு போறணை போன்ற ஒரு பெட்டியில் சில நிமிடம் சூடாக்கினார்கள். சூட்டில் உட்பகுதி இளகும். அதை அணிந்து நாடா கட்டி, 10, 15 நிமிடம் அசையாமல் இருக்கவேண்டும். ஆறும்போது அது அந்தக் காலின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லாச் சப்பாத்துக்கும் இது ஏற்றதல்ல. கடையில் கேட்டுத்தான் செய்யவேண்டும், வீட்டுப் போறணையில் வைக்கக்கூடாது.

கடைசியாகக் கத்திக்குச் சாணை பிடித்தார்கள். புதிய சப்பாத்துகள் பெரும்பாலும் சாணை பிடிக்காமலே வருகின்றன. கத்தியின் அடியில் நீளவாட்டில் மெல்லிய பள்ளம் ஒன்று வெட்டுவதால் உள்ளேயும் வெளியேயும் இரண்டு விளிம்புகள் உண்டாகின்றன. அந்த விளிம்புகளே பனிக்கட்டியைப் பிடிக்கின்றன. சீமெந்துத் தரையில் நடந்தால் விளிம்பு கெட்டுவிடும். விளையாடி முடிந்ததும் துணியால் ஈரம் துடைத்து, துணி உறை போட்டு வைத்தால் துருப்பிடிக்காது.

பழையதும் நல்லதுதான், ஆனால்…

எல்லோராலும் புதிது வாங்க முடியாது. தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கானவை 100 டொலர் அளவில் இருக்கின்றன. உயர்ந்த வகை 1,000 டொலரையும் தாண்டுகிறது. வளரும் பிள்ளைக்கு அந்த உயர்ந்த வகை தேவையே இல்லை. பழையதை வாங்குவதில் வெட்கமும் இல்லை. வாங்கும்போது கணுக்கால் பகுதியைக் கையால் அமர்த்திப் பாருங்கள். துணிபோல மடங்கினால் வேண்டாம். கத்தியைப் பிடித்திருக்கும் பிளாஸ்ரிக்கில் வெடிப்பு இருக்கிறதா, சாணை பிடித்துப் பிடித்துக் கத்தி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, பிள்ளையின் அளவுக்கு வாங்குங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் செலவுக்கு உதவ 2005இல் தொடங்கப்பட்ட ஜம்ப்ஸ்ராட் என்ற தொண்டு அமைப்பும் அங்கே இருக்கிறது. உறவுகளுக்குச் சொல்லுங்கள்.

பெட்டைக்கு எதற்கு என்ற கேள்வி

இந்தக் கேள்வி எங்கள் ஆட்களுக்கு மட்டும் உரியதல்ல. ரொறன்ரோவில் 1955இல் அபி ஹொவ்மன் என்ற 8 வயதுச் சிறுமி, தலைமயிரைக் கட்டையாக வெட்டி, பொடியன்கள் அணியில் சேர்ந்து விளையாடினாள். அடுத்த ஆண்டு பிறப்புச் சான்றிதழைக் கேட்டபோதுதான் அவள் சிறுமி என்று தெரியவந்தது. பின்னாளில் அவர் நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் ஓட்டவீராங்கனையாகக் கனடாவுக்காக ஓடினார். 1986இல் ஜஸ்ரீன் பிளேனி என்ற மாணவியின் வழக்கில், விளையாட்டில் பெண்களை ஒதுக்க இடங்கொடுத்த சட்டப்பிரிவு செல்லாது என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலாவது பெண்கள் உலகச் சம்பியன்ஷிப் போட்டி 1990இல் ஒட்டாவாவில் நடந்தது. 1998இல் நகானோ ஒலிம்பிக்கில் பெண்கள் பனித்தரை ஹொக்கி சேர்க்கப்பட்டது. 2024 தை முதலாம் நாள், பெண்களின் தொழில்முறைக் கூட்டமைப்பின் முதல் ஆட்டம் ரொறன்ரோவில் நடந்தது. பெறாமகளின் அறைச் சுவரில் அந்த அணியின் படம் ஒட்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்து நாட்டிலும் இது நடந்திருக்கிறது. இந்தியாவின் லடாக்கில் குளிர்காலத்தில் உறைந்த குளங்களில் விளையாடுகிறார்கள். தொடக்க காலத்தில் இராணுவச் சப்பாத்தின் அடியில் இரும்புத் தகடு பொருத்திச் சறுக்கினார்களாம். அந்த மண்ணின் பெண்களே பெரும்பாலும் இடம்பெற்ற இந்திய அணி 2017இல் பாங்கொக்கில் பிலிப்பைன்ஸ் அணியை 4–3 என்று வென்று முதல் வெற்றி பெற்றது. 2025இல் ஆசியக் கிண்ணப் போட்டியில் வெண்கலம் வென்றது. வசதி இல்லாமலும் பெண்கள் முன்னேறலாம் என்பதற்கு இது சான்று. வசதி செய்து கொடுக்கக் கூடியவர்கள் கொடுக்காமல் விடுவதற்கு இதைச் சாட்டாகச் சொல்லக்கூடாது.

எங்கள் ஊருக்கு

செயற்கைக் கால் அணிந்திருக்கும் எங்கள் வன்னி உறவுகளிடம் கேட்டால், அளவு என்பதன் அருமையைச் சொல்வார்கள். பொருத்தும் குழி சிறிது பிசகினாலும் தோல் உரிந்துவிடும். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அளவெடுத்துச் செய்வதும் அதற்காகத்தான். உள்ள காலுக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

எனவே பாடசாலைச் சப்பாத்தோ ஓட்டச் சப்பாத்தோ வாங்கும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். நடந்து திரிந்த கால் பின்னேரத்தில் சற்று வீங்கியிருக்கும், அந்த நேரத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டு காலும் ஒரே அளவாக இராது, பெரிய காலுக்குப் பாருங்கள். நீரிழிவு உள்ள அம்மாவுக்குச் செருப்பு வாங்கும்போது இன்னும் கவனமாக இருங்கள். பிள்ளை “நோகுது” என்றால், “பழகினால் சரிவரும்” என்று சொல்லாமல் சப்பாத்தைக் கழற்றிக் குதியைப் பாருங்கள். தமையனுக்குப் புதிது, தங்கைக்குப் பழையது என்று வீட்டில் நடக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

நான் ஊர் திரும்பிய பிறகு அக்கா ஒரு குறுஞ்செய்தி அனுப்பினா: “மூன்று ஆட்டம் முடிஞ்சுது. குதியில ஒண்டும் இல்லை. இப்ப தேப்பன்தான் கூட்டிக்கொண்டு போறார்.”