நள்ளிரவில் நோயுறும் செல்லப்பிராணி

லிங்கராஜபுரத்தில் வாழும் நம் வாடிக்கையாளர்கள் பலர் நாயும் பூனையும் வளர்க்கின்றனர். பகலில் அவற்றுக்கு நலம் குன்றினால் அண்மையிலுள்ள மருத்துவரிடம் காட்டிவிடுகிறோம். இரவு பத்து மணிக்கு மேல் நேர்ந்தால்தான் திகைத்து நிற்கிறோம். மனிதர்க்கு 108 உண்டு. 1962 என்னும் கட்டணமில்லா எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம் எனினும், அது கறவை மாடுகளையும் சிற்றூர்களையும் முதன்மையாகக் கருதி அமைக்கப்பட்ட ஏற்பாடு. நகரத்து வீட்டு நாய்க்காக நள்ளிரவில் அதை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

எங்கே செல்வது என்பதை இன்றே முடிவு செய்துவிட வேண்டும். நம் பகுதியிலிருந்து ஹென்னூர் சாலை வழியே வெளிவட்டச் சாலையை அடைந்து மேற்கே சென்றால் ஹெப்பாளம் கால்நடை மருத்துவக் கல்லூரி வரும். பிரேசர் டவுன் வழியாகச் சென்றால் குயின்ஸ் சாலையில் அரசுக் கால்நடை மருத்துவமனை உள்ளது. இவற்றோடு இரவிலும் இயங்கும் தனியார் மருத்துவமனை ஒன்றையும் குறித்துக்கொள்வது நலம். இரவில் மருத்துவர் இருப்பாரா, அறுவை சிகிச்சை நடைபெறுமா, பூனைக்கும் மருத்துவம் உண்டா என்று ஒவ்வோரிடத்திலும் பகலிலேயே கேட்டு எழுதிவைக்க வேண்டும். இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. கன்னடத்தில் கால்நடை மருத்துவமனையைப் ‘பஷு ஆஸ்பத்ரெ’ என்பர். பசுவுக்கு மட்டும் உரிய இடமோ என்று நாம் தயங்க வேண்டியதில்லை. அங்கே ‘பஷு’ எல்லா விலங்குகளையும் குறிக்கும்.

அடிபட்டுக் குருதி ஒழுகினால் எவரும் விரைந்து புறப்படுவர். ஆபத்தாகத் தோன்றாத நிலைகளே உயிரைப் பறிக்கின்றன. ஆண் பூனை மணல்தட்டில் மீண்டும் மீண்டும் அமர்ந்தும் சிறுநீர் கழியவில்லையெனில், மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டுவோர் உளர். உண்மையில் சிறுநீர்க்குழாய் அடைபட்டிருக்கக்கூடும். ஓரிரு நாள்களில் இறப்பு நேரலாம். பெரிய நாயின் வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியும்வரை காத்திருத்தல் கூடாது. எலிமருந்து இவ்வகையில் மிகவும் வஞ்சகமானது. குருதி உறைவதைத் தடுக்கும் வகை மருந்தைத் தின்ற நாய் அன்று ஓடியாடி விளையாடும். சில நாள்கள் கழித்தே உள்ளே குருதி கசியத் தொடங்கும். தின்றது தெரிந்தவுடனே மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றால் வைட்டமின் கே கொண்டு காப்பாற்ற இயலும். உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்கவைப்பது தீங்கானது.

பூனைக்குக் காய்ச்சல் என்று நாம் விழுங்கும் பாராசிட்டமாலைக் கொடுப்பதும் அவ்வாறே. ஒரே மாத்திரை போதும், பூனை மடிந்துவிடும்.

ஈறுகளைப் பார்த்தறியும் எளிய வழியொன்று உண்டு. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் மீள வேண்டும். வெளிறியோ நீலமாகவோ இருந்தால் உடனே புறப்படுக. (ஈறு இயல்பிலேயே கறுத்த நாய்களுக்குக் கீழிமையின் உட்புறத்தைப் பார்க்கலாம்.)

அடிபட்ட நாயைப் பலகையிலோ தடித்த போர்வையிலோ கிடத்தித் தூக்க வேண்டும். வலியில் வளர்த்தவரையும் கடிக்கும். ஆகவே துணியால் வாயைக் கட்டலாம். மூச்சுத்திணறலோ வாந்தியோ இருப்பின் கட்டலாகாது. ஆட்டோ ஓட்டுநர் சிலர் நாயை ஏற்ற மறுப்பதுண்டு; இசைவு தரும் ஒருவரது எண்ணைக் கேட்டு வைத்திருந்தால் லிங்கராஜபுரம் மேம்பாலத்தடியில் கைகாட்டி நிற்க வேண்டியிராது.

இரத்தம் தேவைப்பட்டால் என் செய்வது? 2024 ஜூனில் மும்பையில், டாட்டா அறக்கட்டளையினர் தொடங்கிய சிறு விலங்கு மருத்துவமனையில் ஏழு மாத நாயொன்று, உண்ணிக் காய்ச்சல் என ஐயுறப்பட்ட நோயினால் கடும் இரத்தசோகை கொண்டிருந்தது. இரத்தன் டாட்டா அவர்களே தம் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் கொடையாளி நாய் வேண்டினார். ஒன்று முதல் எட்டு வயது, ஏறத்தாழ 25 கிலோவுக்கு மேற்பட்ட எடை, முழுமையான தடுப்பூசி, அண்மையில் பெருநோயின்மை என்று தகுதிகளையும் குறித்திருந்தார். கொடையாளிகள் கிடைத்தனர். அத்தகைய செல்வாக்கு நமக்கில்லை. ஆயினும் தெருவில் பெரிய நாய் வளர்ப்போர் யாவர் என்று அறிந்துவைத்தல் எளிது. முதன்முறை இரத்தம் பெறும் நாய்க்கு வகை மாறினாலும் பெருந்தீங்கு நேர்வது அரிது. பூனைக்கு அப்படியன்று, வகை பார்த்தே ஏற்ற வேண்டும்.

இனி, பணம். அறுவை சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனைகள் பெரும்பாலும் முன்பணம் கேட்கின்றன. யு.பி.ஐ. வழியே பொதுவாக நாளொன்றுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை அனுப்பலாம். ஆனால் கைப்பேசி மாற்றிப் புதிதாகப் பதிவு செய்த முதல் 24 மணி நேரத்தில் அவ்வரம்பு மிகவும் குறையும். எனவே பற்று அட்டையும் கையிலிருக்கட்டும். சிறு தொகையைத் தொடர் வைப்பில் மாதந்தோறும் சேர்த்துவருவது பெரும்பாலான குடும்பங்களுக்குக் காப்பீட்டினும் பொருத்தம் என்பது நம் கருத்து. நம் மருத்துவக் காப்பீடு செல்லப்பிராணிக்குப் பொருந்தாது. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் முதலிய பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நாய்களுக்குத் தனித் திட்டம் வைத்துள்ளன. அவற்றில் வயது வரம்பு, காத்திருப்புக் காலம், முன்பே இருந்த நோய்க்கு விலக்கு ஆகியவற்றைக் கையொப்பமிடும் முன்னரே படித்தறிய வேண்டும். இழப்பீடு கோரும்போது மூலப் பட்டியல்கள், மருத்துவரின் சான்று, தடுப்பூசிப் புத்தகம் ஆகியவற்றைக் கேட்பர். நள்ளிரவு அவசரத்திலும் பட்டியலைப் பெறாமல் வெளியேறாதீர்கள்.