ஏரிக்கரைப் பாட்டு எழுதிய பாய்

போன வாரம் வட்டிக்கடை சேட்டைப் பார்த்தோம். இந்த வாரம் பாய்.

பழைய படங்களில் பாய் வந்தாலே, அவர் பேசுவதற்கு முன்பே கொட்டகையில் சிரிப்பு தொடங்கிவிடும். கட்டம் போட்ட கைலி, தொப்பி, மீசையில்லாத தாடி. பக்கத்தில் கறிக்கடையோ பிரியாணி அண்டாவோ கட்டாயம் இருக்கும். வாயைத் திறந்தால் ‘நம்பள்’, ‘நிம்பள்’.

இப்படிப் பேசுகிறவருக்கு எந்த ஊர்? குடவாசலைச் சுற்றி எரவாஞ்சேரி, கூத்தாநல்லூர், பொதக்குடி, அடியக்கமங்கலம் என்று முஸ்லிம்கள் நிறைந்த ஊர்கள் எத்தனையோ. எங்கே போய்க் கேட்டாலும் வீட்டில் பேசுவது தமிழ்தான். அப்பாவை அத்தா என்பார்கள். நாகூர்ப் பக்கம் போனால் வாப்பா. தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல் என மார்க்கத்தையே தமிழில் வைத்திருப்பவர்கள். சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் போய்ச் சம்பாதித்துத் திரும்பியவருக்குச் சபராளி என்று பெயர். கூத்தாநல்லூருக்கே ‘சின்ன சிங்கப்பூர்’ என்று பட்டம் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களும் ‘நம்பள்’ என்று பேசிக் கேட்டதில்லை. அந்தப் பாஷைக்குச் சொந்த ஊர் கோடம்பாக்கம் மட்டும்தான்.

இதில் எனக்குத் தாங்காத விஷயம் ஒன்று உண்டு. ‘முதலாளி’ (1957) படத்தில் ஏரிக்கரையில் நடந்துபோகும் பெண்ணைப் பார்த்து டி.எம்.சௌந்தரராஜன் பாடுவாரே, கே.வி.மகாதேவன் இசையில்? தமிழ் கிராமத்துக் காதல் என்றால் இன்றைக்கும் அந்தப் பாட்டைத்தான் முணுமுணுக்கிறோம். எழுதியவர் கா.மு.ஷெரீப். 1914-இல் இந்தக் குடவாசல் வட்டாரத்து அபிவிருத்தீஸ்வரத்தில் பிறந்தவர். ‘அன்னையின் ஆணை’யில் (1958) தாயைத் தெய்வமாக்கிய பாட்டும் அவருடையதே. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகத்தில் முன்னணியில் நின்றவர். தமிழுக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் குரல் கொடுத்த இயக்கம் அது. 

அப்படியே கிழக்கே போனால் நாகூர். காஜா மொகிதீன் என்ற இளைஞர் அங்கிருந்து சென்னைக்குப் போய் எம்.ஜி.ஆரிடம் சேர்ந்தார். எம்.ஜி.ஆர். அவருக்கு வைத்த பெயர் ரவீந்தர். ‘நாடோடி மன்னன்’ (1958) வசனத்தில் கண்ணதாசன் பெயரோடு சேர்ந்து வரும் ரவீந்தர் இவர்தான். மன்னனும் நாடோடியும் பேசிய தமிழுக்குக் கொட்டகை கைதட்டியபோது, அதில் பாதி ஒரு நாகூர்க்காரர் எழுதியது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நாகூர் ஹனீபாவைச் சொல்லவே வேண்டாம். தி.மு.க. மேடைகளை நிரப்பிய அந்தக் குரலை சினிமா ஏனோ சில பாட்டுகளோடு நிறுத்திக்கொண்டது.

ஆக, திரைக்குப் பின்னால் இருந்து தமிழ் சினிமாவுக்குத் தமிழ் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களைப் போன்றவர்கள் திரைக்கு முன்னால் வந்தபோது தமிழ் தெரியாதவர்களாக வந்தார்கள்.

அந்தக் காலத்தில் நல்ல பாயும் இருந்தார் என்பீர்கள். இருந்தார். ‘பாவமன்னிப்பு’ (1961) ரஹீமாக சிவாஜி வந்தபோது முஸ்லிம் வீடுகளில் கொண்டாடினார்கள். ஹனீபா குரல் கொடுத்த அரிதான படங்களில் அதுவும் ஒன்று. ஆனால் கதைப்படி ரஹீம் பிறப்பால் இந்து. முஸ்லிம் வீட்டில் வளர்ந்தவன். பீம்சிங்கின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த நல்லெண்ணத்துக்கும் கதாநாயகன் பிறப்பில் ஒரு பிடிமானம் தேவைப்பட்டிருக்கிறது.

கேலி பயமாக மாறியது தொண்ணூறுகளில். ‘ரோஜா’ (1992) ஏ.ஆர்.ரகுமானின் முதல் படம்; அந்த இசையை இன்றும் தள்ள முடியவில்லை. அதே படத்தில், எரியும் தேசியக்கொடியைக் கதாநாயகன் உடம்பால் அணைக்கிறான். இடையிடையே தீவிரவாதி தொழுதுகொண்டிருப்பதைக் காட்டுகிறார் மணிரத்னம். வசனமே இல்லை. கொடிக்கும் தொழுகைக்கும் ஏதோ பகை என்று பார்ப்பவர் மனதில் தானாகவே பதிந்துவிடும். எடிட்டிங் மேசையில் செய்கிற காரியம் வசனத்தைவிட ஆழமாக இறங்கும். நாலு வரி வசனத்தை நாலு பேர் எதிர்த்துப் பேசலாம். ஒரு வெட்டை யார் எதிர்த்துப் பேசுவது?

2012 தீபாவளிக்கு வந்த ‘துப்பாக்கி’ இன்னும் ஒரு படி போனது. தீவிரவாதி எல்லையைத் தாண்டி வரத் தேவையில்லை. வேலை பார்த்துக்கொண்டு, குடும்பம் நடத்திக்கொண்டு நம் நடுவிலேயே இருக்கிறான். ‘ஸ்லீப்பர் செல்’ என்ற வார்த்தை டீக்கடைப் பேச்சுக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான். கல்லூரியில் தாடி வைத்த பையனைக் கூட்டாளிகளே விளையாட்டாக அப்படிக் கூப்பிட்டார்கள். விளையாட்டுதான். எதிர்ப்பு வந்தது, படக்குழு மன்னிப்புக் கேட்டது, சில காட்சிகள் போயின. வார்த்தை போகவில்லை.

அடுத்து ‘விஸ்வரூபம்’. முஸ்லிம் அமைப்புகள் திரண்டன. 2013 ஜனவரியில் தமிழக அரசு 144 தடை போட்டது. ஏழு இடங்களில் மாற்றம் செய்து பிப்ரவரி 7 அன்று படம் வெளியானது. கதாநாயகனே முஸ்லிம்தானே என்று கமல் ரசிகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இந்த நல்ல முஸ்லிமுக்குத் திரையில் கிடைக்கும் வேலை எப்போதும் ஒன்றே: கெட்ட முஸ்லிமைக் கொல்வது, இல்லையென்றால் நாட்டுக்காகச் சாவது. நாற்று நட ஆள் கிடைக்காமல் அலைவதற்கும், பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதற்கும், மாமனாரோடு மனஸ்தாபம் கொள்வதற்கும் அவருக்குக் கால்ஷீட் கிடையாது.

தடை கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தடை படத்துக்கு ஓசி விளம்பரம். தவிர, அந்தக் கோபம் எப்போதும் சரியான இடத்தில் போய் விழுவதும் இல்லை. ‘ஃபர்ஹானா’ (2023) குடும்பத்துக்காகக் கால் சென்டர் வேலைக்குப் போகும் முஸ்லிம் பெண்ணின் கதை. குண்டும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. அதற்கும் எதிர்ப்பு; ஐஸ்வர்யா ராஜேஷ் வீட்டுக்கு போலீஸ் காவல். சாதாரண வாழ்க்கையைக் காட்டவில்லை என்று குறைப்பட்ட நாமே, காட்டியவரைத் துரத்தினால் அடுத்தவர் ஏன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறார்?

என் பெரிய வருத்தம் வில்லன்களைப் பற்றியதுகூட இல்லை. டெல்டாவைக் காட்டுகிற படங்களை நினைத்துப் பாருங்கள். வாய்க்கால் வரும், வயல் வரும், கோயில் தேர் வரும், பண்ணையார் வீட்டுத் திண்ணை வரும். பள்ளிவாசல் மினாரா தெரிகிற ஒரு வரப்பு வருகிறதா? மளிகைக்கடைக் கல்லாவில் அத்தா உட்கார்ந்திருக்கிறாரா? வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய மாடி வீடுகள் தெரிகின்றனவா? குண்டு வைக்க வேண்டுமென்றால் மட்டும் ஆள் அனுப்பிக் கூட்டிவருகிறார்கள்.

‘மாநாடு’ (2021) ஒரு கதவைக் கொஞ்சம் திறந்தது. அப்துல் காலிக் என்ற பெயருள்ள கதாநாயகன், முஸ்லிம் இளைஞன் ஒருவன் மேல் கொலைப்பழி விழாமல் தடுக்க ஒரே நாளைத் திரும்பத் திரும்ப வாழ்கிறான். படம் ஓடியது, வசூலும் ஆயிற்று. பாய் கதாநாயகன் என்றால் வியாபாரம் ஆகாது என்று சொல்லிவந்த தயாரிப்பாளர்கள் இனி வேறு காரணம் தேட வேண்டும். தேடுவார்கள்.

அடுத்த வாரம், ரோஸி என்றும் ரீட்டா என்றும் பெயர் சூட்டப்பட்டு கிளப்பில் ஆடவிடப்பட்ட கிறிஸ்தவப் பெண்கள்.